சரிவு பூக்கும்வரை

மலைக்குக் கீழே இருப்பவர்கள் பத்து மாசத்தில் பிள்ளை பெற்றுக்கொள்கிறார்கள், மலைக்கு மேலே நாங்களும் அப்படித்தான் பெற்றுக்கொண்டிருந்தோம், கொழுந்துக்கூடையை இறக்கி வைத்துவிட்டு வலி கண்டு, பெற்று, பாலூட்டி, மறுபடி கூடையைத் தூக்கி முதுகில் மாட்டிக்கொண்டு. வட்டப்பாறை எஸ்டேட்டின் மேல் லயத்து வீட்டு வரிசையில் என் பக்கத்து வீட்டு வெள்ளத்தாய் மதினி உண்டாகும்வரை இந்தக் கணக்கில் எங்களுக்கு ஒரு சந்தேகமும் வந்ததில்லை. அவள் உண்டானது ஆனி மாசத்தில், ஊசிக்காற்றுச் சரிவு முழுக்கக் குறிஞ்சி புதிதாக முளைத்து ரெட்டை இலை விட்டிருந்த மழைக்காலத்தில். காலையில் பேர் கூப்பிடுகிற பிரட்டுக்குப் போகும் வழியில் அந்த முளைகளுக்கு நடுவே உட்கார்ந்து அவள் குமட்டிக் குமட்டி வாந்தி எடுத்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம், பார்த்துச் சிரித்தோம், கல்யாணமாகி ஒரு மாசம்கூட ஆகவில்லையே, அதற்குள் என்னடி அவசரம் என்று கேலி செய்தோம். அவசரம் என்று அன்றைக்கு நாங்கள் சொன்ன வார்த்தையை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பும் வரும், அழுகையும் வரும்.

அவளைக் கட்டியவர் கருத்தப்பாண்டி அண்ணன், கரிசல்காட்டு ஆள். பருத்தியும் மிளகாயும் தவிர வேறு செடி அறியாதவர், மழை பொய்த்த ஒரு வருசத்தில் வேலை தேடி மலையேறி, தேயிலை ஃபேக்டரியில் கொழுந்து வாட்டும் தட்டியில் வேலைக்குச் சேர்ந்தவர். அவர் மலையேறிய நேரம்தான் நேரமில்லாத நேரமாகப் போயிற்று. முந்தின வருசம் சரிவு பூத்து, மலையே நீலமாகி, பிறகு விதை கொட்டி, குறிஞ்சிச் செடி ஒன்று விடாமல் நின்ற நிலையில் பட்டுப்போய்க் காய்ந்து நின்றதையும், அந்தக் காய்ந்த மாறுகளை நாங்கள் கத்தை கத்தையாக ஒடித்து அடுப்பெரித்ததையும் அவர் பார்க்கவில்லை. நாங்கள் கடைசிக் கட்டை எரித்து முடித்த பிறகுதான் அவர் பெட்டியோடு வந்து இறங்கினார். குறிஞ்சி ஒரே ஒரு தடவைதான் பூக்கும், பன்னிரண்டு வருசம் வளர்ந்து பூக்கும், பூத்தால் செத்துப்போகும் என்பது மலையில் பிறந்த சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதை ஒருத்தர் இன்னொருத்தருக்குச் சொல்ல வேண்டும் என்று எவருக்கும் தோன்றியதே இல்லை, நெருப்பு சுடும் என்று யார் யாருக்குச் சொல்கிறார்கள்?

பத்தாம் மாசம் வந்தது, போனது. பதினோராம் மாசமும் போனது. எஸ்டேட் ஆஸ்பத்திரி எஸ்தர் சிஸ்டர் வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, நாள் கணக்கை நீதான் தப்பாகச் சொல்லியிருக்கிறாய் என்று மதினியையே திட்டினாள். வருசம் திரும்பியதும் டவுன் ஆஸ்பத்திரிக்கு ஜீப்பில் கொண்டுபோனோம். கீறி எடுத்துவிடலாம் என்று டாக்டரம்மா கத்தியை எடுத்தாள், கத்தி மழுங்கிப்போயிற்று, வேறு கத்தி எடுத்தாள், அதுவும் மழுங்கிப்போயிற்று, பெட்டியிலிருந்து புதுசாகப் பிரித்த கத்தியும் தோலில் ஒரு கோடுகூடப் போடாமல் வழுக்கிக்கொண்டு போகவே, அவள் கையைக் கழுவிவிட்டு வெளியே வந்து, பிள்ளையும் நன்றாக இருக்கிறது, தாயும் நன்றாக இருக்கிறாள், அது வரும்போது வரட்டும், வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று சொன்னாள். திரும்பும் வழியில் மலைப்பழம் வாங்கித் தின்றுகொண்டே வந்தோம். மதினி தோலை உரித்துக்கொண்டே, "வராட்டி போகுது, எங்க போயிரப் போவுது" என்றாள்.

எப்போது வரும் என்பது தெரிந்தது, சரிவுக்குக் குறுக்கே ஜீப் ரோடு போட ஆள் இறக்கிய அன்றைக்கு. முதல் மண்வெட்டி விழுந்து குறிஞ்சிச் செடிகள் நாலைந்து வேரோடு சாய்ந்த அதே நேரம், இந்தப் பக்கக் காட்டில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த மதினி "ஏ சந்தனம், என்னயப் பிடி" என்று என் தோளில் சாய்ந்தாள். சேலை நனைந்து உதிரம் கணுக்கால்வரை வந்துவிட்டது. நாங்கள் போட்ட கூச்சலைக் கேட்டு ரோட்டு ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டு ஓடி வந்தார்கள், அவர்கள் நிறுத்தியதும் உதிரம் நின்றது. கங்காணிக்கு நம்பிக்கை வரவில்லை, மத்தியானம் மறுபடி மண்வெட்டி போடச் சொன்னார், மறுபடி உதிரம் கண்டது. அதற்குப் பிறகு யாரும் எதையும் சோதித்துப் பார்க்கவில்லை. மேனேஜர் துரை வந்து பார்த்தார், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார், ரோட்டை மேற்கே வளைத்துக் கொண்டுபோகச் சொல்லிவிட்டுப் போனார். அந்த வளைவுக்கு இன்றைக்கும் வெள்ளத்தாய் வளைவு என்றுதான் பேர்.

சரிவு பூக்கும்போதுதான் அவள் பெறுவாள் என்று அன்றைக்கே எங்களுக்குப் புரிந்துவிட்டது. சரிவு பூத்தால் என்ன ஆகும் என்பதும் புரிந்துவிட்டது. அந்த வாரமே அவளுக்கு வளைகாப்பு வைத்தோம், பயத்தில் வைத்தோம் என்றுதான் சொல்ல வேண்டும். புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு எல்லாம் கிண்டி, சந்தனம் பூசி, ஒவ்வொருத்தியாக முன்னால் உட்கார்ந்து வளையல் போட்டோம். ஒவ்வொருத்தி கையையும் அவள் விடாமல் பிடித்துக்கொண்டு, ஆம்பளைகள் காதில் விழாமல், அதையே சொன்னாள்.

"பூத்தாப் பட்டுரும்னு அவுகளுக்குத் தெரியக் கூடாது. என் வயித்துப் பிள்ளை மேல சத்தியம் பண்ணு."

நானும் பண்ணினேன். வயிற்றுப் பிள்ளை மேல் சத்தியம் கேட்டால் எவள்தான் மாட்டேன் என்பாள்.

அப்புறம் வருசங்கள் போயின. அதிசயம் என்று ஒன்று வீட்டுக்குப் பக்கத்திலேயே குடியிருந்தால் அது எத்தனை நாளைக்கு அதிசயமாக இருக்கும், ரேசன் கடையில் அதுவும் வரிசையில்தானே நிற்க வேண்டும்? மதினி நிறை வயிற்றோடு பிரட்டுக்கு வந்தாள், நிறை வயிற்றோடு கொழுந்து எடுத்தாள், கூடையின் நாடாவை நெற்றியில் இறுக்கிக்கொண்டு மழையில் மேடேறினாள். பேறுகால லீவை ஆபீஸில் ஒருதரம் கொடுத்தார்கள், லீவு முடிந்தும் பிள்ளையைக் காணவில்லை என்றதும் இனிமேல் பிள்ளையைக் காட்டினால்தான் லீவு என்று சொல்லிவிட்டார்கள், யூனியன்காரர் அதற்காக ஒரு நாள் மைக் வைத்து அரைமணி நேரம் பேசிவிட்டு மறந்துபோனார். நடக்காத காரியத்துக்கு எங்கள் லயத்தில் புதுசாக ஒரு பழமொழியே முளைத்துவிட்டது. சம்பளம் கூடுமா என்று யாராவது கேட்டால், வெள்ளத்தாய்க்குப் பிள்ளை பிறக்கட்டும், கூடும் என்பார்கள், அவள் காதுபடவே சொல்வார்கள், அவளும் சேர்ந்து சிரிப்பாள். ஆடி தோறும் வளைகாப்பு என்பது மாரியம்மன் கொடைவிழா மாதிரி வழக்கமாகிவிட்டது. வளையல்காரர் மைதீன் பாய் அதற்கென்றே பெட்டி சுமந்து மலையேறி வந்தார். பிள்ளையில்லாத பெண்கள் கீழேயிருந்தெல்லாம் பஸ் பிடித்து வந்து அவள் வயிற்றைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள், அவர்களில் சிலபேர் அடுத்த ஆடிக்குக் கைப்பிள்ளையோடு வந்து காட்டிவிட்டும் போனார்கள். மதினி அந்தப் பிள்ளைகளை வாங்கித் தன் வயிற்று மேட்டின் மேல் உட்கார வைத்துக் கொஞ்சினாள். உள்ளே இருப்பது ஒரு உதை விட்டால், "பொறாமையப் பாரு" என்பாள்.

உள்ளே இருந்ததற்குக் காது நன்றாகக் கேட்டது. வெள்ளத்தாய் மதினியோடு ஒரே சமயத்தில் உண்டாகிப் பத்தாம் மாசமே வெளியே வந்துவிட்ட என் மகள் சீதா, நடக்கவும் ஓடவும் பள்ளிக்கூடம் போகவும் ஆரம்பித்த பிறகு, சாயங்காலம் விளையாட்டில் யார் அவுட் என்று தகராறு வந்தால் எல்லாப் பிள்ளைகளும் மதினி வயிற்றைச் சுற்றி வந்து நின்றுதான் தீர்ப்புக் கேட்கும், ஒரு உதை என்றால் அவுட், ரெண்டு உதை என்றால் மறு ஆட்டம். வாத்தியார் சம்சாரம், ஐந்து வயசு ஆகிவிட்டதே, எழுத்து தெரியாமல் வளரலாமா என்று விஜயதசமியன்று தாம்பாளத்தில் அரிசியோடு வந்து, வயிற்றின் மேல் அரிசியைப் பரப்பி விரலால் ‘அ’ எழுதினாள். பெண்ணா ஆணா என்று எங்களுக்குத் தெரியாது. கருத்தப்பாண்டி அண்ணன் மட்டும் முதலிலிருந்தே "தாயி" என்றுதான் கூப்பிடுவார்.

அவர் குரல் என்றால் அதற்கு உயிர். வேலை முடிந்து வந்து, தேயிலை மணக்க மணக்க அவள் காலடியில் உட்கார்ந்து, வயிற்றுக்குப் பக்கத்தில் வாயை வைத்துக்கொண்டு தன் ஊர்க்கதை எல்லாம் சொல்வார், கரிசல் மண் கோடையில் எப்படிப் பிளக்கும், மழை விழுந்தால் எப்படிக் காலைப் பிடித்து இழுக்கும், பருத்தி வெடிக்கிற காலத்தில் காடு எப்படி இருக்கும் என்று, பார்த்தே இராத பிள்ளைக்குக் கண்ணில் தெரிகிறமாதிரி சொல்வார். மற்ற நேரமெல்லாம் சரிவில்தான் கிடந்தார். மாசி பங்குனியில் காட்டுத்தீ வரும் என்று சரிவைச் சுற்றிப் புல்லைச் செதுக்கித் தீத்தடுப்புப் போட்டார், எருமைகளை விரட்டினார், விறகுக்காரர்களோடு சண்டை போட்டார், ஒரு செடியின் கொப்பு ஒடிந்திருந்தால் முகம் வாடிவிடுவார். இடுப்பளவு வளர்ந்துவிட்டது, நெஞ்சளவு வளர்ந்துவிட்டது என்று எங்களிடம் வந்து பெருமையாகச் சொல்வார். நாங்கள் தலையை ஆட்டிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வோம். தன் பெண்டாட்டியின் சாவை அந்த மனுசன் உரம் போடாத குறையாக வளர்த்துக்கொண்டிருந்தார், அதைப் பார்த்துக்கொண்டு வாயை மூடியிருப்பதுதான் எங்களுக்குப் பெரிய பாடாக இருந்தது.

பூக்க வேண்டிய வருசத்துக்கு முந்தின தை மாசம், அடுத்த மலை எஸ்டேட்டில் அவர் தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. அந்த மலைக்குறிஞ்சி எங்கள் மலைக்கு ஒரு வருசம் முந்திப் பூக்கிற சாதி. பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தவர், ஒரு மேடு முழுக்கக் கரிந்தமாதிரி நிற்பதைப் பார்த்திருக்கிறார், இலை இல்லை, பச்சை இல்லை, அங்கே ஒரு பெண் மாறு ஒடித்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"யம்மா, இந்த மேட்டுல எப்பம் தீப்புடிச்சுது?"

"தீயா? தீ எங்க அண்ணாச்சி புடிச்சுது? குறிஞ்சி பூத்துட்டுல்லா. பூத்தாப் பட்டுரும்."

"எல்லாமா?"

"ஒண்ணு மிஞ்சாது. வெதையக் குடுத்துட்டு நின்ன மேனிக்கே காஞ்சு போவும்."

காதுகுத்துக்கு வாங்கிய பலகாரப் பையை அந்தப் பெண்ணிடமே கொடுத்துவிட்டு அவர் திரும்பி வந்துவிட்டார். லயத்து வீடுகளில் நடுச்சுவர் கூரையைத் தொடாது, ஒரு வீட்டில் தும்மினால் கடைசி வீட்டில் தீர்க்காயுசு சொல்வார்கள், அதனால் அன்றைக்கு மத்தியானம் அந்த வீட்டில் பேசியது அத்தனையும் எங்கள் எல்லோர் காதிலும் விழுந்தது.

"பூத்தாச் செடி பட்டுரும்னு ஒனக்குத் தெரியுமா?"

"நான் இங்கன பொறந்தவல்லா."

"எப்பம் இருந்து தெரியும்?"

"ரோட்டுக்கு மம்பட்டி போட்ட அன்னைக்கே தெரியும்."

"பாவி. என் கையாலேயே காவ காக்க வச்சிட்டியே."

"வேற யார் கைய நம்பி விடச் சொல்லுதீங்க?"

பிறகு அண்ணன் அழுதார், அழுதுகொண்டே உரக்கச் சொன்னார், எஸ்டேட்டே கேட்கிறமாதிரி சொன்னார்.

"எனக்குப் பிள்ளை வேண்டாம். கேட்டியா? நீ போதும். எனக்கு அது வேண்டவே வேண்டாம்."

"மெதுவாப் பேசுங்க," என்றாள் மதினி. "கேட்டுட்டே. அது கேட்டுட்டே."

அவர் தேயிலைச் செடி கழிக்கிற கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு சரிவுக்கு ஓடினார், பின்னாலேயே நாங்கள் ஓடினோம், வயிற்றைக் கையில் தாங்கிக்கொண்டு மதினியும் வந்தாள். முதல் செடி சாய்ந்ததும் அவள் அப்படியே புல்லில் உட்கார்ந்தாள், பாவாடை நனைந்தது. அண்ணன் பார்த்தார், பார்த்தும் இரண்டாவது செடிக்குக் கத்தியை ஓங்கினார். நாங்கள் யாரும் தடுக்கவில்லை, எப்படித் தடுப்பது, அந்த இடத்தில் எங்கள் புருசன்மார் இருந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஆசைப்பட்டிருப்போம்? மதினியும் தடுக்கவில்லை.

"வெட்டணும்னா வெட்டுங்க," என்றாள். "ஆனா அதுக்கிட்டயும் ஒரு வார்த்த சொல்லிட்டு வெட்டுங்க. நித்தமும் பேசுன பிள்ளைதானே."

கத்தி ஓங்கினபடியே நின்றது. பிறகு கீழே வந்தது. அவர் அவளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

அந்த மத்தியானத்திலிருந்து பிள்ளை அசையவில்லை. எஸ்தர் சிஸ்டர் குழல் வைத்துக் கேட்டாள், நெஞ்சு நன்றாகத்தான் அடிக்கிறது, தூங்கவில்லை, கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது, ஆனால் பதில் இல்லை. சீதா கிட்டே வந்து எத்தனை கேள்வி கேட்டும் ஒரு உதை இல்லை.

ஆவணியில் சரிவு பூத்தது. முதலில் பனி இறங்கினமாதிரி இங்கொன்றும் அங்கொன்றுமாக ஒரு வெளிறின நீலம், அப்புறம் ஒரு காலையில் கதவைத் திறந்தால் மலையையே காணோம், வானம்தான் கீழே வந்து கிடந்தது. மலைத்தேனீக்கள் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்கவில்லை. கீழேயிருந்து கார்களில் ஆட்கள் வந்து போட்டோ எடுத்தார்கள், டீக்கடைக்காரர் பஜ்ஜி போடத் தொடங்கினார், ஐயோ என்ன அழகு என்று வந்தவர்கள் ஆளாளுக்குச் சொன்னார்கள். நாங்கள் வாசலில் வெந்நீர் போட்டு வைத்துக்கொண்டு காத்திருந்தோம், வெந்நீர் ஆறியது, மறுபடி போட்டோம், அதுவும் ஆறியது.

வலி வரவில்லை. பிள்ளை வர மாட்டேன் என்று உள்ளே காலை ஊன்றிக்கொண்டது.

நாங்கள் கூப்பிட்டுப் பார்த்தோம். தாலாட்டுப் பாடினோம், வாத்தியார் சம்சாரம் பாட்டுச் சொன்னாள், பிள்ளைகள் எல்லாம் வரிசையாக வந்து, வா, உன்னைக் கண்டிப்பாக ஆட்டத்தில் சேர்த்துக்கொள்கிறோம் என்று சத்தியம் செய்தன, மாரியம்மன் கோவில் பூசாரி திருநீறு பூசி அதட்டிக்கூடப் பார்த்தார். எதற்கும் அது அசையவில்லை. தாயைக் கொன்றுவிட்டு வெளியே வர அதற்கு மனசில்லை, பார்க்காத அம்மாவின் மேல் அதற்கு அத்தனை ஆசை. அது தெரிந்து எங்களில் பாதிப்பேர் மதினி முகத்தைப் பார்க்க மாட்டாமல் வெளியே வந்து அழுதோம். கருத்தப்பாண்டி அண்ணன் மட்டும் ஃபேக்டரியை விட்டு வரவில்லை. வாட்டுத் தட்டிகளுக்கு நடுவே படுத்துக்கொண்டார், அவருக்குள்ளே ஒரு சந்தோசம் இருந்தது, அதைக் குற்றம் சொல்ல நான் யார்?

புரட்டாசி கடைசியில் சரிவின் அடிவாரத்துப் பூக்கள் நிறம் மங்கி உதிர ஆரம்பித்தன. மதினி என்னைக் கூட்டிக்கொண்டு ஃபேக்டரிக்குப் போனாள். மாடிப்படி ஏற மூச்சு வாங்கியது, நடுவில் இரண்டு தரம் உட்கார்ந்து எழுந்தாள். கொழுந்து வாசனைக்கு நடுவே அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நீங்க வேண்டாம்னு சொன்னதுலதான் அது வர மாட்டேங்கு," என்றாள். "நீங்க கூப்புட்டாத்தான் வரும்."

"நான் கூப்புட மாட்டேன்."

"பூ உதுந்துட்டுன்னா இனி இன்னொரு பன்னெண்டு வருசம். நான் தாங்க மாட்டேங்க. இடுப்பு விட்டுப்போச்சு. கட்டையோட கட்டையா ரெண்டு பேரையும் சேத்துத்தான் வைப்பீங்க. ஒரு நா வெயிலக்கூடப் பாக்காம அது போவணுமா?"

"ஒன்னயக் கொல்லுன்னு எங்கிட்ட வந்து சொல்லுதியே, வெள்ளத்தாயி. இது நாயமா?"

"நாயமில்லதான்," என்றாள் மதினி. "வேற யாருக்கிட்டப் போயிக் கேக்க?"

நான் படியில் நின்றுகொண்டு முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன். அவர் நெடுநேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார், அத்தனை வருசம் கூடவே இருந்தும் பார்த்து முடிக்காதவர் மாதிரி. பிறகு எழுந்து, அவள் கையைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறக்கி வீட்டுக்குக் கூட்டி வந்தார்.

மறுநாள் காலையில் பனி விலகுவதற்கு முன்னால், அவளைக் கட்டிலில் சாய்த்து உட்கார வைத்துவிட்டு, கீழே முட்டிபோட்டு, வழக்கம்போல வயிற்றுக்குப் பக்கத்தில் வாயை வைத்துக்கொண்டார். எஸ்தர் சிஸ்டர் தலைமாட்டில் நின்றாள், நான் காலடியில் நின்றேன், சுவருக்கு அந்தப் பக்கம் லயம் முழுக்க மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது.

"தாயி," என்றார். "அப்பா வந்திருக்கேன். அன்னைக்கு ஏதோ கோவத்துல சொல்லிட்டேன் தாயி. அதெல்லாம் ஒண்ணுமில்ல. அம்மைக்கு ஒண்ணும் ஆவாது. அப்பா எல்லாரையும் கேட்டுட்டேன். எல்லாச் செடியும் பட்டுப் போவாதாம், நல்ல செடின்னா மறுக்கா தழைக்குமாம். ஒங்கம்மை நல்ல செடி தாயி. நீ பயப்படாத. நாம மூணு பேரும் கரிசக்காட்டுக்குப் போவோம், பருத்தி வெடிக்கத நீ பாக்கணும்லா. வா. அப்பா கூப்புடுதேன், வா."

அவர் குரல் தெளிவாகத்தான் இருந்தது, கண்ணீர் மட்டும் தாடியில் இறங்கி மதினியின் சேலையில் விழுந்துகொண்டிருந்தது. பிறகு, தை மாசத்துக்குப் பிறகு முதல் தடவையாக, அவர் கன்னம் பட்டிருந்த இடத்தில் அது ஒரே ஒரு உதை விட்டது.

உச்சிக்கு முன்னால் பிறந்துவிட்டது. பெண் பிள்ளை. பன்னிரண்டு வருசம் கிடந்ததற்கு மலையளவு இருக்கும் என்று நினைத்தவர்கள் ஏமாந்துபோனார்கள், எந்தப் பச்சைப்பிள்ளையையும் போலக் கைக்கடக்கமாகத்தான் இருந்தது, கண்ணை மட்டும் நன்றாகத் திறந்திருந்தது. பேசுகிறவர் பக்கமெல்லாம் தலையைத் திருப்பி, ஓ, நீதானா அது என்பதுபோல ஒவ்வொருத்தரையும் பார்த்தது. சீதா பேச வாயெடுத்ததும் சிரித்தது. குறிஞ்சி என்று பேர் வைக்கலாம் என்று எல்லோரும் சொன்னோம், மதினி கையெடுத்துக் கும்பிட்டு, அந்தப் பேர் மட்டும் வேண்டாம் என்றாள். ராசக்கனி என்று வைத்தாள்.

செடி பூத்த அன்றைக்கே செத்துவிடுவதில்லை. விதை முற்றும்வரை அதற்கு உயிர் இருக்கும். அந்த அளவுக்குத் தெய்வம் கண் திறந்தது என்று சொல்ல வேண்டும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்று மதினி வாசலில் வெயிலில் உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்தாள், கையில் தூக்கி வைத்துக்கொண்டு, இதுதான் வெயில், இதுதான் கோழி, இந்தா போறாரே இவர்தான் கங்காணி, குரல்தான் பெருசு, ஆள் சின்னது என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொடுத்தாள். சரிவு பழுத்துப் பழுப்பாகி வந்தது, அவளும் அப்படியே ஆனாள். முதலில் தலைமயிர் கருகினமாதிரி ஆயிற்று, பிறகு கைத்தோல் பட்டை உரிந்தது, தண்ணீர் கொடுத்தால் உதட்டோடு சரி, உள்ளே இறங்கவில்லை. வலிக்கிறதா என்று கேட்டால், வலிக்கவில்லை, தாகமாகத்தான் இருக்கிறது என்பாள். பால் மட்டும் கடைசி நாள்வரை குறையவில்லை. தையில் காற்று அடித்து, நெற்று வெடித்துச் சரிவெல்லாம் விதை சிதறின காலையில், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டபடியே உட்கார்ந்திருந்தாள். நான் கூப்பிட்டேன். மதினி, மதினி என்று எத்தனை தரம் கூப்பிட்டேன் என்று எனக்கே தெரியாது. தூக்கும்போது ஒரு கட்டு மாறு கனம்கூட இல்லை.

அதற்குப் பிறகு கருத்தப்பாண்டி அண்ணன் பிள்ளையைக் குளிப்பாட்டினார், பால் காய்ச்சிக் கொடுத்தார், தோளில் போட்டு நடந்தார், எல்லாம் செய்தார். முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை மட்டும் பேசவில்லை. வயிற்றில் இருக்கும்போது அத்தனை பேசிய மனுசன், வெளியே வந்த பிள்ளையிடம் ஊமையாகிவிட்டார். பொய் சொல்லிக் கூப்பிட்டுவிட்டோம், நம்பி வந்துவிட்டதே என்பது அவரை உள்ளே அரித்துக்கொண்டிருந்தது. நான் எத்தனையோ தேற்றிப் பார்த்தேன். "அது கேக்கும் சந்தனம். வாய் வந்ததும் முதக் கேள்வி அதத்தான் கேக்கும்" என்று திரும்பத் திரும்பச் சொல்வார்.

வாய் சீக்கிரமே வந்தது. ஒரு வயசு நிறையாத பிள்ளை முழுசு முழுசாகப் பேசியதில் எங்களுக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை, அத்தனை வருசம் கேட்டுக் கிடந்தவளுக்குப் பேச என்ன கஷ்டம்? கங்காணியைப் போலப் பேசிக் காட்டினாள், என்னை அத்தை என்றாள், சீதாவை வாடி போடி என்றாள். அவள் எல்லோரிடமும் பேசினாள், அப்பாவிடம் மட்டும் பேசாமல், அவர் பேசட்டும் என்று காத்திருந்தமாதிரி இருந்தாள். ஆனி மழை விட்டிருந்த ஒரு சாயங்காலம், நான் அவள் தலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தபோது, அவர் வந்து எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"அப்பா ஒங்கிட்ட ஒரு பொய் சொல்லிட்டேன் தாயி."

"தெரியும்," என்றாள் ராசக்கனி.

"எப்பம் தெரியும்?"

"அன்னைக்கே தெரியும். நீ அழுதுக்கிட்டுல்லா சொன்ன."

அவர் அவள் முகத்தை முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். நான் சிக்கெடுப்பதை நிறுத்திவிட்டேன்.

"தெரிஞ்சுமா வந்த? ஏன் தாயி வந்த?"

"நீ கூப்புட்டேல்லா," என்றாள்.